லாரியின் மஞ்சள் விளக்கும் என் சைக்கிள் டைனமோவும்

திங்கள், 11 அக்டோபர் 1999

காலையில் தூறல். சைக்கிள் சீட் ஈரம், பாவாடை ஈரம், முதல் பீரியடு முழுக்க நெளிந்துகொண்டே. கணக்கில் 92. (பக்கத்து பெஞ்ச் கமலத்துக்கு 95. பரவாயில்லை என்று எழுதினால் பொய்.)

சாயந்திரம் பட்டறைக்குள் நுழைய இடமே இல்லை. வெளிநாட்டு லாரி! காற்றாலை இறக்கை ஏற்றுகிற வண்டி. கேபினுக்கு மூன்று படி ஏற வேண்டும். அப்பாவும் ஜாபர் மாமாவும் அதன் முன்னால் அண்ணாந்து நின்றார்கள். அப்பா வயரிங், மாமா மெக்கானிக். பட்டறை இருவருக்கும் பாதிப் பாதி.

கோளாறு: ஏ.பி.எஸ். விளக்கு அணையவில்லை. ஏ.பி.எஸ். என்றால், ஈரத்தில் பிரேக் மிதித்தால் சக்கரம் இறுகி வழுக்காமல் காப்பது. ஒவ்வொரு சக்கரத்திலும் வேகத்தைச் சொல்ல ஒரு சென்சார். ஒன்று சொல்லாவிட்டாலும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு.

ஆனால் விளக்கைக் காணோம். அந்த இடத்தில் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

"இதென்னங்க இது?" என்றார் அப்பா.

டிரைவர் பரமசிவம் அண்ணன் தலையைச் சொறிந்தார். "கண்ணுல குத்திட்டே இருந்துச்சுங்க. சம்சாரத்துகிட்ட ஒண்ணு வாங்கி ஒட்டிப்போட்டேன்."

"பொட்டு வெச்சா சரியாயிருமுன்னா நாங்க எதுக்குங்க பட்டறை தொறந்து வெச்சிருக்கோம்?" என்றார் மாமா.

சிரிப்பு அதோடு முடிந்தது. சனிக்கிழமை உடுமலைப் பக்கம் காற்றாலைக் கம்பெனி கேட்டில் வண்டியைச் சோதிப்பார்களாம். விளக்கு எரிந்தால் உள்ளே விடமாட்டார்கள். வருடம் முழுக்க இறக்கை ஏற்றுகிற ஓட்டம் வேறு வண்டிக்குப் போய்விடும். லாரி முதலாளி நாச்சிமுத்து சென்னைக்கு அனுப்பத்தான் இருந்தார். அப்பாதான் "நான் பாத்துத் தர்றனுங்க" என்று சொல்லிவிட்டார்.

இந்த மாதிரி வண்டியை அப்பா தொட்டதே இல்லை. எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

செவ்வாய், 12

மழை இல்லை. வரலாறு வீட்டுப்பாடம் பாதி. மீதி பட்டறைக்குப் போய்விட்டு.

சென்சார் பார்த்தேன். கட்டைவிரல் அளவு. உள்ளே காந்தம், அதைச் சுற்றிக் கம்பிச் சுருள். சக்கரத்தோடு ஒரு பல் வளையம் சுற்றுகிறது. ஒவ்வொரு பல்லும் சென்சார் மூக்கைத் தாண்டும்போது துளி மின்சாரம். பல் வேகமாகப் போனால் சக்கரம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். என்ன அழகான யோசனை!

பேட்டரியும் பஸ்ஸரும் கோத்த தனிக் கருவியில் சுருள் அறுந்திருக்கிறதா என்று பார்த்தார் அப்பா. நான்கிலும் 'பீப்'. அறுபடவில்லை. (உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தாலும் பீப் வருமாம்.) அடுத்து ஜாக்கி போட்டு சக்கரத்தைத் தூக்கி, மாமா கையால் சுற்ற, அப்பா ஒயர் முனையைப் பிடிக்க, மீட்டரை வாசிக்கும் வேலை எனக்கு.

முன் வலது: பூஜ்யம்.
முன் இடது: பூஜ்யம்.
பின் வலது: பூஜ்யம்.
பின் இடது: பூஜ்யம்.

"நல்லாப் பாரு கண்ணு."

"பூஜ்யந்தானுங்கப்பா."

ஆக நான்கும் போச்சு என்று முடிவு. முதலாளி சென்னைக்குப் போன் போட்டார். அங்கே இரண்டுதான் இருக்கிறதாம். இரவு பஸ்ஸில் வருகிறது.

புதன், 13

தமிழில் வாய்மொழித் தேர்வு. தடுமாறாமல் சொன்னேன்.

புது சென்சார்கள் வந்தன. முன் சக்கரம் இரண்டுக்கும் போட்டார்கள். மாமா சுத்தியலைத் தொடவே இல்லை. மூக்கு பல் வளையத்தில் முட்டும்வரை கையாலேயே அமுக்க வேண்டுமாம். சக்கரம் சுற்றும்போது அதுவே தேவையான அளவு பின்னால் தள்ளிக்கொள்ளும். கிரீஸ் தடவிய முரட்டு விரல்கள் இவ்வளவு மெதுவாக வேலை செய்து இன்றுதான் பார்க்கிறேன்.

சுற்றினார். வாசித்தேன்.

பூஜ்யம். பூஜ்யம்.

பரமசிவம் அண்ணன் மெதுவாக, "புதுசும் அப்படித்தானுங்களா?" என்றார்.

நாச்சிமுத்து வந்தார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "பரவால்லீங்க. நீங்களும் என்ன பண்ணுவீங்க. இது நம்மூர்ல ஆகற வேலை இல்லீங்க. நாளன்னிக்குக் காலைல எடுத்துட்டுப் போறனுங்க."

அப்பா சாப்பிடவில்லை. அம்மா: "அந்த லைட்டுக்கு ஒரு வேண்டுதல் வெச்சுட்டு வந்து உக்காருங்க, ரசம் ஆறுது." அப்பா சிரிக்கவில்லை. அம்மாவே தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

வியாழன், 14

நிதானமாக எழுத வேண்டும்.

மாலை டியூஷன். ஆறரைக்கே இருட்டு, மழை மேகம். சைக்கிள் டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்துவிட்டு மிதித்து வந்தேன். விளக்கு மிதிக்க மிதிக்கப் பிரகாசம். கருமத்தம்பட்டிப் பிரிவு தாண்டும்போது சட்டென்று தோன்றியது. இதிலும் காந்தம், சுருள். சக்கரம் சுற்றினால் மின்சாரம். அதேதானே!

டைனமோவில் வருவது மாறுதிசை மின்னோட்டம். ஏ.சி. அறிவியல் புத்தகத்தில் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன், பத்து மதிப்பெண். அப்பாவின் மீட்டர் டி.சி.யில், நேர்திசையில் இருக்கிறது. முன்னும் பின்னும் மாறுகிற மின்சாரம் அதில் பூஜ்யமாகத்தான் தெரியும். எப்போதுமே டி.சி.யில்தான். யாரோ தெரியாமல் குமிழைத் திருகி ஒரு மீட்டர் புகைந்துபோன பிறகு, அப்பா குமிழ் மேலேயே கறுப்பு டேப் சுற்றிவிட்டார். "வண்டியில பேட்டரி, ஹாரன், லைட்டு எல்லாமே டி.சி.தான்" என்பார்.

வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பட்டறை. வண்டியை நாளைக்கு அனுப்ப ஜாக்கியை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, என்ற சைக்கிளுக்கு மீட்டர் புடிங்க!"

"ஏங்கண்ணு, இப்பப் போயி சைக்கிளா?"

"ஒரே ஒரு தடவைங்கப்பா."

சைக்கிளைத் தலைகீழாக வைத்து பெடலைச் சுற்றினேன். விளக்கு பளீரென்று எரிந்தது. மீட்டரில் பூஜ்யம்!

அப்பா விளக்கைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். மறுபடி விளக்கை.

"அட!" என்றார். பிறகு டேப்பை நகத்தால் பிய்க்க ஆரம்பித்தார். வரவில்லை, பல்லால் கடித்து இழுத்தார். குமிழ் ஏ.சி.க்குத் திரும்பியது. மீட்டரில் எண்கள் குதித்தன.

மாமா அதற்குள் ஜாக்கியை மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார்.

முன் வலது (புதியது): இருக்கிறது!
முன் இடது (புதியது): இருக்கிறது!
பின் வலது (பழையது): இருக்கிறது!
பின் இடது (பழையது): இல்லை.

ஒன்றுதான் மிச்சம். புது சென்சார் கையில் இல்லை. ஆனால் முன் சக்கரங்களில் கழற்றிய பழையவை இரண்டு கிடக்கின்றனவே. அவற்றில் ஒன்றாவது நல்லதாக இருக்கலாமே? என் சைக்கிள் பெடல் பக்கத்துப் பல் சக்கரத்தை நான் சுற்ற, அப்பா சென்சார் மூக்கை அந்தப் பற்களுக்குப் பக்கத்தில் பிடித்தார். வலது: ஒன்றும் இல்லை. இடது: மீட்டர் துள்ளியது!

"சைக்கிளே ஸ்கேன் மெஷினாயிருச்சு போ" என்றார் மாமா.

அந்த நல்லதைப் பின் இடதில் போட்டார். ஒயர் இழுத்துப் பிடித்துத்தான் எட்டியது. சுற்றினார். இருக்கிறது! நான்கிலும்!

அப்பா சிவப்புப் பொட்டைப் பிய்த்துவிட்டுச் சாவியைத் திருகினார்.

மஞ்சள் விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

அழுகை வந்துவிட்டது. மாமாதான்: "அட அம்மணி, எதுக்கு அழுவாச்சி? நின்ன எடத்துல சக்கரம் நல்லாச் சுத்துமுன்னு அதுக்கெப்படித் தெரியும்? காலைல ஓட்டிக் காட்டுவோம்."

நாச்சிமுத்துவிடம் நாளைக் காலைப் பொழுது மட்டும் கேட்டார் அப்பா. சரி என்றாராம்.

வெள்ளி, 15

ஐந்தரைக்கே எழுந்தேன். பள்ளிக்கு முன் ஒரு சுற்று. கேபினில் நடுவில் நான், ஜன்னலோரம் அப்பா. மாமா கீழே நின்று, "கூப்புடற தூரத்துலயே போயிட்டு வாங்க" என்றார்.

அவினாசி ரோடு ஈரம். பரமசிவம் அண்ணன் கிளட்சை விட்டார். விளக்கு எரிகிறது. இரண்டாவது கியர். எரிகிறது. நான் மூச்சு விடவில்லை. சைக்கிளில் போன பால்காரரைத் தாண்டினோம், அவ்வளவு வேகம்தான்.

அணைந்தது.

சத்தமே இல்லாமல், கண் மூடுவது மாதிரி.

"போயிருச்சுங்க! அண்ணா, போயிருச்சுங்க!" என்று கத்தினேன். அண்ணன் ஸ்டியரிங்கிலேயே தாளம் போட்டார். அப்பா என் தலையில் கை வைத்தார். கிரீஸ். இரட்டைப் பின்னலோடு அப்படியே பள்ளிக்குப் போனேன். கமலம் மூக்கைச் சுளித்தாள். சுளிக்கட்டும்.

சனி, 16

நல்ல மழை. கரண்ட் இல்லை. அறிவியல் படிக்க உட்கார்ந்தேன், ஒரு வரி ஏறவில்லை. அம்மா இரண்டு முறை வாசலுக்குப் போய் வந்தாள், கோலம் கரைகிறதா என்று பார்க்கவாம்.

மதியம் எதிர் மளிகைக் கடைக்குப் போன். அப்பா குடையை விரித்துக்கொண்டே மழையில் ஓடினார். நானும்.

பரமசிவம் அண்ணனின் குரல் ரிசீவரைத் தாண்டி, தள்ளி நின்ற எனக்கே கேட்டது. கேட்டுக்குள் சேற்று மண்ணில் ஓட்டச் சொல்லி, திடீரென்று பிரேக் மிதிக்கச் சொன்னார்களாம். வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நின்றதாம். சோதித்தவர் வேலை செய்தது எந்த ஊர் ஆட்கள் என்று கேட்டாராம்.

"என்னங்க சொன்னீங்க?" என்றார் அப்பா.

"கருமத்தம்பட்டீன்னேனுங்க. வருச ஓட்டம் நமக்குத்தானுங்க, உள்ள உட்டுட்டாங்க! லோடு ஏத்தறாங்க!"

அப்பா போனை வைத்தார். கடைக்காரரிடம் என்னைக் காட்டிச் சிரித்தார். பிறகு குடையை என் கையில் கொடுத்துவிட்டு, நனைந்துகொண்டே, தெருவைத் தாண்டும் முன்பே கத்த ஆரம்பித்தார்: "ஜாபரு! யோவ் ஜாபரு!"