நாக்கைத் தூக்கிக் காட்டிய அண்ணனுக்கு

அண்ணே,

நேற்றுக் காலையில் மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர் மருந்துச் சீட்டோடு என் மருந்துக் கடைக்கு வந்தார். உங்களுக்கு வந்த அதே நோய். ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பியில் வரும் புற்று. சீட்டில் ஒரு மாத்திரையின் பெயரைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ‘நிறுத்தவும்’ என்று எழுதியிருந்தது. எலும்புவரை பரவிய நோய்க்கு யாராவது மருந்தை நிறுத்துவார்களா? கைதவறி எழுதிவிட்டார்கள் என்று நினைத்து, சீட்டிலிருந்த நம்பருக்கு நானே போன் போட்டேன். எழுபத்திரண்டு வயதாகியும் எனக்கு அந்த அதிகப்பிரசங்கித்தனம் போகவில்லை.

எடுத்தது சின்ன வயது லேடி டாக்டர். “தெரிஞ்சுதாங்க ஐயா நிறுத்தியிருக்கேன். சில பேருக்கு நாள் போகப் போக அந்த மாத்திரையே நோய்க்குத் தீனி ஆயிடும். நிறுத்தினா கொஞ்ச மாசம் நல்லா இருப்பாங்க” என்றார். போனை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவன், மத்தியானம்வரை எழுந்திருக்கவில்லை.

அவர் சொன்னதை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வராமல் நீங்கள் ஒரு கரும்பிலும் கத்தி வைக்க மாட்டீர்கள் இல்லையா? அந்த நோயும் அப்படித்தான். ஆண் உடம்பில் ஊறும் ஹார்மோன்தான் உத்தரவு. நோய்ச் செல்லுக்குள்ளே அதை வாங்கிக்கொள்ள ஒரு மேஸ்திரி இருக்கிறான். உத்தரவு அவன் கைக்குப் போனால் வேலை தொடங்கிவிடும். வேலை என்றால் பெருகுவது. நம் மாத்திரை ஒரு வெற்றுச் சீட்டு. அவன் கையை அடைத்துக்கொண்டு, நிஜ உத்தரவை வாங்க விடாது. ஆனால் நாளாவட்டத்தில் சிலருக்கு அந்த மேஸ்திரியே மாறிவிடுகிறான். வெற்றுச் சீட்டையே உத்தரவாக எடுத்துக்கொண்டு வேலைக்கு ஆளை இறக்கிவிடுகிறான்.

நீங்கள் அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தது, இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலையை மறித்த வருஷம். சங்கராபுரம் ரோட்டில் நம் ஆட்கள் புளியமரங்களை வெட்டிச் சாய்த்தபோது உங்களால் கோடாலி தூக்க முடியவில்லை. முதுகுவலி அப்படி. மாத்திரையால் வீங்கிய மார்பைத் துண்டால் மூடிக்கொண்டு, விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தீர்கள். பிறகு போலீஸ் வீடு வீடாக ஆள் பிடிக்க வந்தது. உங்களை மாட்டுவண்டியில் அடிவாரம்வரை கொண்டுபோய், அங்கிருந்து இரண்டு பேர் தாங்கிக் கல்வராயன் மலைக்கு ஏற்றினார்கள். கடுக்காய் விற்க நம் ஊருக்கு வரும் மலைக்காரர் வீட்டில் தங்கினீர்கள். மாத்திரை டப்பா வீட்டிலேயே கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்து, உங்கள் பிணம்தான் இறங்கி வரும் என்று அண்ணி அழுதார்கள். எனக்கும் அதே பயம்தான்.

நாற்பது நாள் கழித்து நீங்கள் வந்தீர்கள். நடந்து வந்தீர்கள், அண்ணே. யாரும் பிடிக்காமல், கையில் ஒரு புட்டி தேனோடு.

“இன்னாடா அப்பிடிப் பாக்கிற? முதுகு நோவு ரொம்பக் கம்மிடா. ராத்திரி நல்லாத் தூங்கிக்கினு இருந்தேன். மாத்திர இல்லாமலே நல்லாதான் கீறேன்.”

ஊரில் சிலர் மலைத்தேன் என்றார்கள், சிலர் மலைச்சாமி என்றார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மருந்துக்குப் படித்தவன், பஜாரில் கடை வைத்திருப்பவன், என் அண்ணனே இப்படிப் பேசினால் எப்படி? “தேன் தின்னா புத்து போயிடுமா? மருந்த வுட்டா செத்துப் பூடுவீங்க” என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். மறுநாளிலிருந்து தினமும் காலையில் மாத்திரையோடு உங்கள் வீட்டு வாசலில் நின்றேன். விழுங்கிய பிறகும் நம்பவில்லை. “வாயத் தொறங்க. நாக்கத் தூக்கிக் காட்டுங்க.” பதினெட்டு வயது மூத்தவர் நீங்கள். ஊரே கை கட்டி நிற்கும் ஆள். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினீர்கள்.

இதுகூடப் போகட்டும். அன்றைக்கு எந்த டாக்டருக்கும் இது தெரிந்திருக்காது என்றுதான் அந்த லேடி டாக்டரும் சொன்னார். ஆனால் நான் செய்த இன்னொன்று இருக்கிறது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் நீங்கள் கேட்டீர்கள்: “மாத்திர வுட்டதும் நல்லா இருந்துச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்லலாமாடா?” சொன்னால் நாற்பது நாள் எங்கே போனீர்கள் என்று கேட்பார், திட்டுவார், எனக்குத்தான் அவமானம் என்று நினைத்தேன். “ஒரு நாள்கூட வுடலன்னு சொல்லுங்க” என்றேன். டாக்டர் கேட்டார். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். “வுடலீங்க” என்றீர்கள்.

நேற்று போனை வைக்கும்முன் கேட்டேன்: “இத எப்படிம்மா கண்டுபிடிச்சாங்க?” அவர் சாதாரணமாகச் சொன்னார்: “மாத்திரைய நிறுத்தின பேஷன்ட்டுங்களே சொன்னாங்க ஐயா. நல்லா இருக்குன்னு சொன்னத டாக்டருங்க காது கொடுத்துக் கேட்டாங்க. அவ்ளோதான்.”

நோய் எப்படியும் திரும்பியிருக்கும் என்று எனக்குத் தெரியும். வேறு வழியில் உத்தரவு தேடிக்கொள்ளுமாம் அது. நாலைந்து மாதம் கிடைத்திருக்கலாம். மலையில் நடந்த மாதிரி நடந்திருப்பீர்கள்.

மாத்திரையை மறுபடி தொடங்கிய மூன்றே மாதத்தில் படுக்கையில் விழுந்தீர்கள். கடைசி நாள் காலையில் உங்களுக்குத் தண்ணீரே இறங்கவில்லை. நான் மாத்திரை எடுத்து வரவில்லை. சும்மாதான் வாசலில் வந்து நின்றேன். என் நிழலைப் பார்த்ததும் நீங்கள் வாயைத் திறந்தீர்கள். காய்ந்து போன நாக்கைக் கஷ்டப்பட்டுத் தூக்கிக் காட்டினீர்கள்.

இப்போது கடையில் யாராவது “மாத்திரையை விட்டேன், நல்லா இருக்குது” என்றால் நான் கத்துவதில்லை. டாக்டரிடம் இப்படியே, மறைக்காமல் சொல்லுங்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்புகிறேன். எனக்கும் இப்போது பிரஷர் மாத்திரை உண்டு. காலையில் தனியாக உட்கார்ந்து விழுங்குகிறேன். விழுங்கியதும், கேட்க யாரும் இல்லாத வாசலைப் பார்த்து, நாக்கைத் தூக்கிக் காட்டுகிறேன்.