வசனத்தில் இல்லாத வரி

அன்புள்ள அக்கா,

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக இன்று பள்ளியில் நாடகம் போட்டோம். எனக்கு அம்மா வேடம். புருஷனிடம் அடிபட்டு வாசலில் வந்து நிற்கும் மகளிடம், "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்ல வேண்டும். போன தடவை நீ வந்து நின்றபோது நம் அம்மா சொன்ன அதே குரலில் சொன்னேன்.

மகளாக நடித்த தோழி திரும்பி நடந்தாள். கூட்டத்திலிருந்து நம் அம்மா எழுந்து, "போகாத கண்ணு, உள்ள வா!" என்று கத்தினாள். அதுவும் நாடகம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். "உங்கம்மா பிச்சு உதறிட்டாங்கடி!" என்றாள் தோழி.

கட்டிலில் உன் பக்கம் காலியாகவே இருக்கிறது. நான் அங்கே உருளுவதில்லை.

எல்லோரும் போன பிறகும் அம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். "அக்காவ வரச் சொல்லி எழுதுடி" என்றாள். அப்போது அரங்கின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

வழி பார்த்திருக்கும்,
உன் வாயாடி