காற்றுத் துவாரத்தைத் திறக்கப் போனவருக்கு

இஞ்சாருங்கோ,

மூத்த மகளின்ர மகன் கொழும்பில் டொக்டராகிவிட்டான். அவனுக்கு அடுத்தவன் கனடாவில் வீடு வாங்கிவிட்டான். கடைசிப் பேத்தி உயர்தரப் பரீட்சையில் இரசாயனத்துக்கு ஏ எடுத்திருக்கிறாள். எங்கட ஒழுங்கையில் அவள் மட்டும்தான். மூன்று பேருக்கும் உங்கட நெற்றி.

நேற்று அவள் புத்தகத்தை மடியில் வைத்து எனக்குப் படிப்பித்தாள். "அம்மம்மா, கடலில எடுக்கிற முருகைக்கல்லைச் சுட்டால் அதுக்குள்ள இருக்கிற வாயு போயிடும். அதாலதான் பாரம் குறையுது." ஓம் என்றேன். உப்புவெளிக் கரையில் எங்கட சுண்ணாம்புச் சூளையைப் பிரிக்கிற நேரம், நீங்கள் கல்லைக் கையில் தூக்கிப் பார்த்துத்தானே வெந்ததோ என்று சொல்லுவீங்கள். பார்வைக்கு அதே கல். பாரம்தான் பாதி.

கடைசியாய் வைத்த சூளை, இளையவளின்ர கலியாணத்துக்கு வீட்டை வெள்ளையடிக்க. மூட்டி இரண்டாம் நாள் பின்னேரம், ஆமியின்ர சுற்றிவளைப்பு வருகுதாம், கோயிலுக்கு ஓடுங்கோ என்று சத்தம் கேட்டது. புகை தெரியக்கூடாதென்று காற்றுத் துவாரத்தை மண்ணால் அடைத்துவிட்டு எங்களோடு வந்தனீங்கள். கோயில் வாசலில் நான்தான் வாயைத் திறந்தேன். "அடைச்சால் உள்கல்லு பச்சையாய்ப் போகுமே. பிள்ளையின்ர கலியாணச் சுண்ணாம்பு."

"அஞ்சாம் வகுப்பு இஞ்சினியர் சொன்னால் மறுக்க ஏலுமோ?" என்று சிரித்தீங்கள். சால்வையை என் கையில் தந்துவிட்டுத் திரும்பி நடந்தீங்கள்.

நாலாம் நாள்தான் எங்களை வீட்டுக்கு விட்டார்கள். துவாரம் திறந்து கிடந்தது. நீங்கள் இல்லை. ஆறின சூளையை நானே பிரித்தேன். ஒரு கல்லும் பச்சையில்லை. தண்ணீர் தெளிக்க, சீறி வெடித்து மாவாய் உதிர்ந்தது. அதைத்தான் சுவருக்கு அடித்தோம். கலியாணமும் நடந்தது. நான் அழவில்லை என்று ஊர் கதைத்தது. ஏன் அழவில்லை என்று எனக்கு இன்றும் தெரியாது.

ஒரு கல்லை மட்டும் பால்மா டின்னில் போட்டு இறுக்கி மூடி வைத்தனான். பேத்திக்குக் காட்ட நேற்றுத் திறந்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. காற்றுப் பட்டே மாவாகிப் போயிருந்தது. "அது அப்படித்தான் அம்மம்மா," என்றாள். திரும்ப மூடி அலுமாரியில் வைத்துவிட்டேன்.

உங்கட படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. விசாரணைக்கென்று வாங்கிப் போனார்கள்; திருப்பித் தரவில்லை. உங்கட முகம் எப்படியென்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். நரைத்த தலையோடு உங்களை எனக்குத் தெரியாது. சுண்ணாம்புத் தூள் படிந்த தலையைத்தான் நினைத்துப் பார்க்கிறேன். இப்ப எடுத்த படம் ஒன்று தபாலில் போட்டுவிடுங்கோ. விலாசம் மாறவில்லை.