தக்காதாவுக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்

தக்காதா,
ஜனவரி, செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகள் சயோகோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நீயும் மாப்பிள்ளை மொரியாசுவும் சுகம்தானே? உன் கடிதம் கிடைத்தது. பிப்ரவரி நடுவில் இருவரும் லீவு போட்டுவிட்டு வருகிறீர்கள், மாப்பிள்ளை பிறந்ததிலிருந்து பனியையே கண்டதில்லை, என்னென்ன உடுப்பு எடுத்து வைக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். நாஹாவில் ஜனவரியிலும் வெறுங்காலில் செருப்பு மாட்டிக்கொண்டு திரிகிறவருக்கு நான் எங்கிருந்து தொடங்குவது? முதலில் அவருக்குக் காலுறை போடக் கற்றுக்கொடு.

தோல் காலணி வேண்டவே வேண்டாம். தெருவின் நடுவில் பனியைக் கரைக்கத் தண்ணீர் பீய்ச்சுகிறார்களே, அது உனக்கு மறந்திருக்காது. கார் போனால் முழங்கால்வரை தெறிக்கும். இரண்டு பேருக்கும் முழங்கால் உயரத்துக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கு. அடிப்பாகம் வழவழவென்று இருந்தால் கடைக்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிடு. ஒரு பெரிய கோட்டை நம்பி வராதீர்கள். மெல்லிய கம்பளிச் சட்டைகளாக ஒன்றன்மேல் ஒன்று போட்டால்தான் நம் வீட்டுக்குச் சரிப்படும். கணப்பு மேசைக்குள் காலை நீட்டினால் வியர்க்கும், கழிப்பறைக்கு எழுந்து போனால் பல் தந்தியடிக்கும். கையுறை இரண்டு ஜோடி, உள்ளே கம்பளி, மேலே ரப்பர். குடை வேண்டாம். கடைத்தெருவில் கங்கி நடைபாதைக்குள்ளேயே நடந்துவிடலாம். இந்த ஊரில் எந்த வீட்டுக்காரரும் தன் வீட்டு முன்கூரையை நடப்பவர் தலைக்குமேல் நீட்டாமல் விட்டதில்லை, அந்த மட்டுக்கு நாம் நல்லவர்கள்.

இந்த வருஷப் பனி நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது பார்த்த பனி மாதிரி இல்லை. டிசம்பர் முடியுமுன்பே கடல் பக்கமிருந்து இடி இடிக்கத் தொடங்கிவிட்டது. இடி கேட்டால் மறுநாள் பனி என்பது உனக்குத் தெரியும். இப்போது இடிக்காத நாளே இல்லை. விழுகிறதும் பஞ்சு மாதிரி விழவில்லை, ஈரமும் கனமுமாக விழுகிறது. கூரைமேல் ஏறியிருக்கும் பாரத்தில் முன்னறைக் கதவு நகரமாட்டேன் என்கிறது. உன் அப்பா தினம் தோளால் இடித்துத் திறக்கிறார். உத்தரம் முனகுகிற சத்தம் கேட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அப்பா உன் கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொன்னார். "பனியே பாக்காத மாப்பிள்ளையா! வரட்டும், பலகையை எப்படிப் புடிக்கணும்னு நான் காட்டுறேன்" என்று ஒரே குஷி. பனி அள்ளும் மரப்பலகைகளில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மெழுகு தேய்த்து, மாப்பிள்ளைக்கென்று தனியாகச் சாய்த்து வைத்திருக்கிறார்.

போன வாரம் நான் போன் செய்து அங்கே வெயில் அடிக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தேனே, நீ சிரித்திருப்பாய். தபாலாபீஸ் வாசலில் இருக்கும் பொதுத் தொலைபேசியிலிருந்துதான் பேசினேன். வீட்டுப் போன் அப்பா உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தபாலாபீஸில் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாம் நம் தெருக்காரர்கள். சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஆள் வந்த சத்தம். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

*

மத்தியானம்

வந்தவர் தெருச் சங்கத் தலைவர் முரோஹாஷி. நம் தெருவுக்குக் கூரைப்பனி இறக்கும் நாள் குறித்துவிட்டார்களாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை. பிப்ரவரி கடைசியில்தான் இருக்கும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். எல்லா வீடும் ஒரே நேரத்தில் தெருவில் தள்ளவேண்டும், சாயங்காலம் நகராட்சி லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போகும். அன்று தள்ளாமல் மறுநாள் தள்ளுகிற வீட்டைத் தெருவே பேசும். அதை நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. பேச்சைக்கூடத் தாங்கிக்கொள்வேன். பனி மேலேயே கிடந்தால் இந்த வீடு தாங்காது.

முரோஹாஷி நல்ல மனுஷர். "எய்சாகு அண்ணே, இந்த வருஷம் ரெண்டு ஆளை வச்சுக்கலாமே. வயசு என்ன திரும்பியா போகுது?" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அப்பா விடுவாரா? "முப்பது வருஷம் ரயிலுக்கே பனி வெட்டி வழி விட்டவன்யா நான். எங்கூரை அகலம் ரெண்டு பாய். இதுக்குக் கூலிக்கு ஆளா?" என்று அவரைச் சிரிக்க வைத்தே அனுப்பிவிட்டார். அப்புறம் நான் தனியாக விசாரித்தேன். கூலிக்கு வருகிறவர்களை ஊரே முன்பே பிடித்து வைத்துவிட்டதாம். பக்கத்து வீட்டாரைக் கேட்கலாம் என்றால், அன்று அவரவர் அவரவர் கூரைமேல் இருப்பார்கள்.

சயோகோ, இனிமேல் எழுதுவதை நீ உட்கார்ந்துகொண்டு படி. எனக்குப் பயமாக இருக்கிறது. இவ்வளவு பயத்தை நான் வாழ்க்கையில் பட்டதில்லை.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் அப்பா குளியலறையில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்துவிட்டார். தூங்கிவிட்டேன் என்றார், நானும் நம்பினேன். புது வருஷம் பிறந்த பிறகு முதல் தடவையாகக் கூரைமேல் ஏறினார். கீழே ஒருவர் நின்று பார்க்கவேண்டும் என்ற வழக்கப்படி நான் தெருவில் நின்றேன். பாதி தள்ளியிருப்பார். பலகையைப் பனியில் குத்தியபடி அப்படியே நின்றுவிட்டார். முகம் என் பக்கம்தான் இருந்தது, ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. கண் திறந்திருந்தது. "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டேன், அசையவில்லை. ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "எய்சாகு! எய்சாகு!" என்று கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேரை என் வாய் சொன்னதே இல்லை.

பிறகு மெதுவாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எதுக்குடி தெருவுல நின்னு எம்பேரைச் சொல்லிக் கத்துற? மானம் போகுது" என்கிறார். நடுவில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டு அம்மாள், "தோமி அக்கா இந்த வயசுல புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க" என்று கேலி செய்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

கெஞ்சிக் கூத்தாடி டாக்டரிடம் அழைத்துப் போனேன். இதயத் துடிப்பு நடுவில் நின்று நின்று போகிறது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும், அதுவரை உயரத்தில் ஏறக்கூடாது என்றார். அப்பா தலையைத் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும், "பனி முடியட்டும், பாத்துக்கலாம். யாருகிட்டயாவது வாயத் தொறந்த, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்றார். நம் ஊரில் பனி முடிவது ஏப்ரலில்.

போன வருஷம் பின்தெரு ஹொகாரியை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? சாப்பிடக் கூப்பிட அவர் பெண்சாதி வெளியே வந்தாள். கூரையிலிருந்து சரிந்த குவியலில் ஒரு கையுறை மட்டும் வெளியே தெரிந்தது. அவளும் நானும் சேர்ந்துதான் கையால் தோண்டினோம். இதை உனக்கு எழுதாமல் மறைத்துவிட்டேன். இப்போது கண்ணை மூடினால் அந்தக் கையுறைக்குள் உன் அப்பாவின் கை இருக்கிறது.

ஏணியை ஒளித்து வைத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஏணியைக் கடன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அழுது பார்த்தேன். சண்டை போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அவரைத் தரையில் நிற்கவைக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. அந்த மெழுகு தேய்த்த பலகையைப் பார்த்தபோதுதான் தோன்றியது. மாப்பிள்ளை மேலே ஏறினால், அப்பா கீழே நின்று "அப்படிப் புடிக்காத, இப்படிப் புடி" என்று தொண்டை வற்றக் கத்திக்கொண்டே இருப்பார். பிறருக்குக் கற்றுக்கொடுக்கும்போது அவருக்குத் தான் செய்யவேண்டும் என்பது மறந்துபோகும். ரயில்வேயிலும் அவர் அப்படித்தான் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள்.

என்ன கேட்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பனியையே தொட்டறியாத உன் புருஷனை, என் புருஷனுக்குப் பதிலாகக் கூரைமேல் ஏற்றச் சொல்கிறேன். இந்தத் தாளுக்கு முன் இரண்டு தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பெற்ற மகளிடம் ஒரு தாய் இப்படிக் கேட்பாளா? கேட்கிறேன். மாப்பிள்ளை இடுப்பில் கயிறு கட்டுவேன். கயிற்றை நடுத்தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி மறுமுனையை நானே பிடித்துக்கொள்வேன். கை அறுந்தாலும் விடமாட்டேன். அவரை அனுப்ப உனக்கு மனம் வரவில்லையென்றால் அது நியாயம், உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது. அப்படியானால் நீ மட்டும் வா. நாம் இரண்டு பேரும் ஏறுவோம்.

டிக்கெட்டை மாற்றிவிடு. சனிக்கிழமைக்குள் வந்து சேரவேண்டும். உயேனோவிலிருந்து வரும் ரயில் பனியில் நின்று நின்று வருகிறது, அதனால் வெள்ளிக்கிழமையே கிளம்பினால் நல்லது. மேலே எழுதியதையெல்லாம் கடை கடையாகத் தேடிக்கொண்டிருக்காதே. அகப்பட்டதை மாட்டிக்கொண்டு வாருங்கள். கம்பளியும் பூட்ஸும் எடுத்துக்கொண்டு நான் ஸ்டேஷனில் நிற்பேன். அப்பா கேட்டால், மாப்பிள்ளைக்குப் பனி பார்க்கப் பொறுமையில்லை என்று சொல். இப்படி ஒரு கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

தோஃபு வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு இதை விரைவுத் தபாலில் சேர்க்கப் போகிறேன். மறுபடியும் இடிக்கிறது.

உன் வீட்டுக்காரருக்கு ஒரு குறையும் வரக்கூடாது. என் வீட்டுக்காரருக்கும் வரக்கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வேண்டிக்கொள்கிறேன். வந்துவிடம்மா.

இப்படிக்கு,
உன் அம்மா
தோமி