முதல் பெயர் மட்டும்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஒரு மருத்துவமனைக்கு அன்றன்று வரும் நோயாளிகளின் பட்டியலை டேட்டாபேஸிலிருந்து எடுத்துத் திரையில் காட்டும் புரோகிராம் எழுதினேன். நேற்று அது ஒரே ஒரு பெயரைத்தான் காட்டியது. "ஒருத்தர்னு காட்டுது, இங்க உட்கார இடமில்லம்மா!" என்று நர்ஸம்மா போனில் பிடி பிடியென்று பிடித்துவிட்டார். எல்லாப் பெயர்களையும் கேட்க வேண்டிய இடத்தில் முதல் பெயரை மட்டும் கேட்டு எழுதியிருக்கிறேன். பத்தே நிமிடத்தில் திருத்திவிட்டேன், கவலைப்படாதீர்கள். முதலில் எழுதி முடித்தபோது சோதித்துப் பார்க்க உங்கள் பெயரை மட்டும் போட்டிருந்தேன். அது திரையில் வந்ததும் வேறு பெயர் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். நீங்களும் போனில் 'நல்லா இருக்கேன்' என்ற ஒன்றோடு நிறுத்திவிடுகிறீர்கள். முழங்காலைப் பற்றி டாக்டர் சொன்னது அத்தனையும் எழுதுங்கள்.

உங்கள் மகள்