கசப்பென்று சொல்லித் தின்கிறேன்

அரியக்குடி
ஆவணி மாதம், 1968

என் குண்டுமணிக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பேத்தியும் அந்தக் கடல் காற்றில் உடம்பு கெடாமல் இருக்க, பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரை உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கு எல்லோரும் சுகம், என்னையும் அதிலேயே சேர்த்துக்கொள்.

நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டு நீ பினாங்கிலிருந்து அனுப்பிய கறுப்புச் சாக்லேட் வந்து சேர்ந்தது. அதை நான் தின்னலாமா கூடாதா என்பதே வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. அப்பா மாசியில் தவறிப்போனார்கள், கேதம் கழிந்து வருசம் திரும்பும்வரை இந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது, இனிப்பு சேராது, நான் இந்த உள்ளறையை விட்டு வெளியே வரக்கூடாது, உனக்குத் தெரிந்ததுதான். உன் சின்னாத்தா நாச்சியார், கேத வீட்டுல வாயி இனிச்சா ஊரு சும்மா இருக்குமா என்றாள். சின்னையா சேவுகன், நம்ம வீட்டுச் சட்டியிலயா கிண்டுனோம், பினாங்குச் சட்டிக்கு ஏது கேதம் என்று அவளை மடக்கினார். பிறகு ஒரு துண்டை வாயில் போட்டவர் முற்றத்தில் போய்த் துப்பிவிட்டு வந்து, வேப்பங்கொட்டையவா அனுப்பியிருக்கான் உங்க மகன், இது மருந்துதான், நீங்க தாராளமாத் திங்கலாம் மதினி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அது மருந்து. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நாச்சியார் ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்து, நான் முழுங்கும்வரை நிற்கிறாள். முதலில் கசக்கிறது ஐயா, நாக்குச் சூட்டில் கரையக் கரைய அடியிலிருந்து ஒரு இனிப்பு வருகிறது, அது வருவதற்குள் இவள் போய்விட மாட்டாளா என்று இருக்கிறது. கஷாயம் குடித்தவள் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொள்கிறேன். ஒருநாள் அவள் சிரித்துக்கொண்டே, நல்லாக் கோணுங்கக்கா, மூஞ்சி கோணுனாத்தான் மருந்து கேக்கும் என்றாள். கண்டுபிடித்துவிட்டாளோ என்னவோ.

கம்பவுண்டர் குருநாதன் வந்து என் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, ரத்தமே இல்லையே ஆத்தா என்றார். இந்தச் சாக்லேட்டில் இரும்புச் சத்து இருக்கிறதாம், சட்டென்று தெம்பு கொடுக்குமாம், மனசுக்கும் கொஞ்சம் நல்லதாம். ஆனால் இதையே நம்பி இருக்காதீக, கீரையும் முட்டையும் சேருங்க என்கிறார். கொழுப்பும் சீனியும் உண்டு, தின்றால் நடக்க வேண்டும், உட்கார்ந்தே தின்றால் ஊளைச்சதைதான் போடும், காப்பி மாதிரி தூக்கத்தையும் கெடுக்கும் என்றார். நான் எங்கே ஐயா நடப்பேன்? காலையில் முற்றத்து வெயில் இந்த அறை நிலைப்படி வரைக்கும் வருகிறது, பார்க்கலாம், போய் நிற்க முடியாது. இதைத் தின்று வருகிற தெம்பை நான் எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பது? காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்க்கச் சொல்கிறார் கம்பவுண்டர். வருசம் திரும்பட்டும் என்கிறார் சின்னையா. எழுந்தால் கண் இருட்டுகிறது, அதுவரை தாங்குவேனா தெரியவில்லை.

அதனால் நீ சின்னையாவுக்கே ஒரு கடிதம் போடு. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று மரியாதையாக, ஆனால் அழுத்தமாக எழுது. உன் கடிதத்தை அவர் எல்லோருக்கும் கேட்கப் படிப்பார், அதில் மறந்தும் சாக்லேட் இனிப்பு என்று எழுதிவிடாதே, மருந்து என்றே எழுது. பேத்திக்கு ராத்திரி படுக்கும்போது அதைக் கொடுக்காதே, பல் சொத்தையாகிவிடும், தூங்கவும் மாட்டாள். நீயும் அளவாகத் தின்னு, அப்பாவுக்கு இருந்த சர்க்கரை வியாதி உனக்கும் வரலாம் என்று கம்பவுண்டர் சொல்கிறார். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருங்கள்.

இப்படிக்கு உன் அம்மா
அழகி

தாள் மூலையில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. பொங்கலுக்கு நீ அனுப்பிய சாக்லேட்டை நான் அப்பாவுக்குக் கொடுக்கவில்லை, அவர்களும் அடம்பிடிக்கவில்லை. வெள்ளித்தாளை மட்டும் வாங்கி மோந்து பார்த்துவிட்டு, வாசத்துல சீனி இல்லையில்ல, இதுக்கும் கம்பவுண்டர்ட்டச் சீட்டு வாங்கணுமா என்று சிரிப்பார்கள். அவர்கள் சட்டை இந்த அறையில்தான் ஆணியில் தொங்குகிறது. நேற்று அதன் பையில் கைவிட்டால் அந்த வெள்ளித்தாள், வெற்றிலை மாதிரி சின்னதாக மடித்து இருந்தது. பிரித்தேன், மடிப்புக்குள் கறுப்பாக ஒரு தூள் ஒட்டியிருந்தது. கண்டிருந்தால் அன்றைக்குச் சண்டை போட்டிருப்பேன். இன்றைக்கு அவர்கள் தின்றிருக்க வேண்டுமே என்று கிடந்து அடித்துக்கொள்கிறது மனசு. நீ சொல் குண்டுமணி, அவர்கள் வாசத்தோடு நிறுத்திக்கொண்டார்களா, எனக்குத் தெரியாமல் ஒரு துண்டாவது தின்றார்களா?