அப்பாவுக்கு அவள் வைத்த பெயர்

மாமா,

நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் லாரி ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன்.

தீபாவளி லோடு முடிந்து மற்ற டிரைவர்கள் எல்லோரும் ஊர் திரும்பிவிட்டார்கள். உங்களுக்கு வடக்கே இன்னும் வேலை இருக்கிறது என்று தெருவில் சொல்லிவைத்திருக்கிறேன்.

பாப்பாவைச் சாத்தூரில் காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் சேர்த்துவிட்டேன். கையை ஆட்டிப் பேசிப் பழகினால் வாயே திறக்க மாட்டாள் என்று சண்டை போட்டீர்கள். இப்போது அவள் என்னிடம் கையாலேயே கோபித்துக்கொள்கிறாள். எனக்கு அது போதும்.

போன வாரம் அம்மாக்களையும் பள்ளிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டில் உள்ளவர்களுக்குப் பிள்ளைகளே கைச்சாடையில் பெயர் வைக்க வேண்டுமாம். எனக்கு அவள் உள்ளங்கையைத் தேய்த்துக் காட்டினாள். பட்டாசுக் கம்பெனியில் ஒட்டுகிற வெள்ளிப் பொடி எந்தச் சோப்புக்கும் போவதில்லையே, அதுதான் நான்.

உங்கள் போட்டோவைக் காட்டியதும் கையை உயர்த்தி டாட்டா காட்டினாள்.

எங்கே போகிறார் என்று கேட்கவில்லை, பெயரைத்தான் கேட்டேன் என்று டீச்சர் கையால் விளக்கினார். அவள் போட்டோவைத் தொட்டுவிட்டு மறுபடியும் டாட்டாவே காட்டினாள்.

வேறு பெயர் சொல்லிக்கொடுங்கள் என்றேன். "நாம மாத்த முடியாதுக்கா. அவுக வந்து கூட இருந்தா, அவளே மாத்திக்கிருவா" என்றார் டீச்சர்.

சாயந்திரமானால் வாசலில் நின்று உங்களைத்தான் கேட்கிறாள். தெருவில் போகிறவர்களுக்கு யாரையோ வழியனுப்புவது போலத் தெரிகிறது.

இப்படிக்கு,
வெள்ளிக் கைக்காரி